என் அண்ணன் செய்யாத ஏழு

என் அண்ணன் கொலைகாரன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் "தங்கச்சி பாசத்துல பேசறா" என்று யாரும் உதட்டைப் பிதுக்கக் கூடாது. ஒன்பது வருடத்துக்கு முன்னால், நாங்கள் இரண்டு பேரும் வேலை பார்த்த பெரிய சலவை ஆலையில், பாய்லர் பார்த்துக்கொண்டிருந்தவரை ஸ்பேனரால் அடித்துக் கொன்றான். நான் கண்ணால் பார்த்தேன். சாட்சிக் கூண்டில் ஏறி, "எங்க அண்ணன்தான் அடிச்சான்" என்று சொன்னதும் நான்தான். ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். சரியான தண்டனை. அதில் எனக்கு ஒரு பேச்சும் இல்லை.

என் பேச்செல்லாம் மற்ற ஏழு கொலைகளைப் பற்றி.

அவன் ஜெயிலுக்குப் போன மூன்றாவது வருடம், துப்புக் கிடைக்காத பழைய வழக்குகளைத் தோண்டி எடுப்பதற்கென்று ஒரு அதிகாரி வந்தார். எப்போது பார்த்தாலும் கையில் ஒரு தடித்த டைரி இருக்கும். அதனால் நான் அவருக்கு வைத்த பெயர் டைரிக்காரர். அவர் என் அண்ணனை ஜெயிலிலிருந்து ஜீப்பில் கூட்டிக்கொண்டு போவார், கூட்டிக்கொண்டு வருவார். எட்டு மாதத்தில் அண்ணன் ஏழு கொலைகளை ஒப்புக்கொண்டான். வாய்க்கால் ஓரம் கிடந்த பெண், பூட்டிய வீட்டுக் கிழவர், லாரி ஓட்டுநர் என்று ஒவ்வொன்றாக. டைரிக்காரருக்குப் பதவி உயர்வு வந்தது. அண்ணன் படம் பேப்பரில் வந்தது. ஆலை வேலையை விட்டுவிட்டு நான் புதிதாகத் திறந்திருந்த இஸ்திரிக் கடையின் பலகையில் யாரோ தாரை ஊற்றிவிட்டுப் போனார்கள்.

பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது? நானும் நம்பினேன். ஒரு கொலையைக் கண்ணால் பார்த்தவளுக்கு ஏழு கொலையை நம்புவது பெரிய கஷ்டமா? தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன என்று விட்டுவிட்டேன். மாதம் ஒரு தடவை அவனைப் போய்ப் பார்ப்பதையும் நிறுத்தினேன். ஐந்து வருடம் அப்படியே போனது.

அப்போதுதான் கண்டக்டரம்மா வந்தார்.

அவரை எனக்கு முன்பே தெரியும். வாய்க்கால் ஓரம் கிடந்த அந்தப் பெண்ணின் அம்மா. இருபத்திரண்டு வயதில், நர்ஸ் படிப்பு முடிக்கிற சமயத்தில், அந்தப் பெண்ணை யாரோ கழுத்தை நெரித்துக் கொன்றிருந்தார்கள். நடந்து பதினான்கு வருடம் ஆகிறது. என் அண்ணன் ஒப்புக்கொண்ட செய்தி வந்த அன்று இந்த அம்மா என் கடை வாசலில் வந்து நின்று, ஒரு வார்த்தை பேசாமல், படியில் காறித் துப்பிவிட்டுப் போனவர். நான் தண்ணீர் விட்டுக் கழுவினேன். அவர் இடத்தில் நான் இருந்தால் கல்லை எடுத்திருப்பேன்.

இந்தத் தடவை துப்பவில்லை. முப்பது வருடம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்த கை; கவுன்டர் மேல் ஒரு காகிதக் கட்டை டக்கென்று வைத்தது. பணி ஓய்வு பெற்ற பிறகு மனுமேல் மனு போட்டு, அண்ணனுடைய வாக்குமூலத்தின் நகலை வாங்கியிருந்தார்.

"உங்க அண்ணன் நீலப் பைன்னு சொல்லியிருக்கான். மூணு எடத்துல சொல்லியிருக்கான்" என்றார்.

அவர் தோளில் மாட்டியிருந்த துணிப் பைக்குள்ளிருந்து இன்னொரு பையை எடுத்தார். சின்னக் கைப்பை. பச்சை.

"இதான் அவ கையில இருந்துச்சு. தண்ணியில ஊறிக் கறுத்துப் போயிருந்துச்சு. மொதல்ல வந்த போலீஸ்காரர் நீலம்னு எழுதிட்டாரு. எங்கிட்ட திருப்பிக் குடுத்தப்பறம் நான் தொவச்சேன், பச்சை வந்துச்சு. பைய வாங்கிக் குடுத்ததே நான். கொன்னவன் பாத்தது பச்சைப் பை. எழுதினவரு பாத்ததுதான் நீலப் பை. உங்க அண்ணன் எதைப் பாத்துச் சொன்னான்?"

டைரிக்காரரிடம் போய்க் கேட்டாராம். இத்தனை வருடத்தில் அவனுக்கு நிறம் மறந்திருக்கும் அம்மா, வழக்கு முடிந்துவிட்டது, நிம்மதியாக இருங்கள் என்று அனுப்பிவிட்டாராம். நிம்மதியாம். அவர் மகளைக் கொன்றவன் எங்கோ டீ குடித்துக்கொண்டிருப்பான், இவர் நிம்மதியாக இருக்க வேண்டுமாம். எனக்கே சுருக்கென்றது.

படியுங்கள் என்று காகிதத்தை என் பக்கம் தள்ளினார். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, நின்றபடியே படித்தேன். பதினோரு பக்கம். எந்தத் தெரு, எந்த நேரம், எப்படிப் பின்னால் போனான், எல்லாம் இருந்தது. கடைசிப் பக்கத்தில், கையெழுத்துக்கு மேலே, அவன் சொன்னபடியே மூன்று வரி எழுதியிருந்தார்கள்.

"தப்பு என்னுதுதாங்க. அவசரத்துல கவனிக்கல. இனிமே இப்படி நடக்காதுங்க."

பக்கத்து ஸ்டூலை இழுத்து உட்கார்ந்துவிட்டேன். கழுத்தை நெரித்தவன் எவனாவது அவசரத்தில் கவனிக்கவில்லை என்று சொல்வானா? அந்த மூன்று வரியும் எனக்கு மனப்பாடம். அதை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது எங்கள் அப்பா. அவன் அதைப் பாதி நாள் சொன்னது எனக்காக.

இங்கேதான் எங்கள் குடும்பத்து வண்டவாளம் வருகிறது. வெட்கமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

அப்பாவின் சலவைக் கடை அகலம் குறைந்த, நீளமான கடை. முன்னால் கவுன்டர், திரைக்குப் பின்னால் இரண்டு இஸ்திரி மேஜை. ஒன்றில் அண்ணன், ஒன்றில் நான். அண்ணன் நிதானம். ஒரு சட்டைக்கு ஆறு நிமிடம் எடுப்பான். ஆனால் காலர் தகடு மாதிரி நிற்கும். எனக்குக் கை வேகம், வாய் அதைவிட வேகம், கவனம் முழுக்கத் தெருவில். ஜன்னலுக்கு வெளியே இரண்டு பேர் சண்டை போட்டால் போதும், பெட்டியைச் சட்டை மேல் வைத்துவிட்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பேன். கருகிய வாசம் வந்த பிறகுதான் ஞாபகம் வரும்.

கருகின துணிக்காரர் கத்திக்கொண்டு வருவார் இல்லையா? அப்பா அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். கோபத்தோடு வருகிறவனுக்குப் புதுச் சட்டை வேண்டாம், திட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டும் என்பார். திரைக்குள் பார்த்துக் குரல் கொடுப்பார். அண்ணன் வருவான். நல்ல உயரம், கூனின தோள், பிறக்கும்போதே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பிறந்த முகம். கையைக் கட்டிக்கொண்டு அந்த மூன்று வரியையும் சொல்வான். சொல்லி முடித்ததும் தலையை வலப்பக்கம் கொஞ்சம் சாய்ப்பான். அப்பா இடப்பக்கக் கன்னத்தில் பளாரென்று ஒன்று வைப்பார். சத்தம்தான் பெரிசு, வலிக்காது என்று அப்பா சொல்வார். அடித்தவர் சொல்வார், பட்டவனை யார் கேட்டார்கள்? உடனே வந்தவருக்கு முகம் மாறிவிடும். "சரி சரி, அடிக்காதீங்க, பாவம்" என்று இவர் அப்பாவைச் சமாதானம் செய்துவிட்டுக் கருகின சட்டையோடு போய்விடுவார். அப்புறம் அண்ணனுக்கு ஒரு டீயும் ஒரு பன்னும் வரும். அப்பா அவன் முதுகைத் தட்டுவார். அவனும் சிரித்துக்கொண்டே சாப்பிடுவான். முப்பது வயது வரைக்கும் இதே கதைதான். தெருவில் அவனுக்கு ஆமாஞ்சாமி என்றே பெயர் வந்துவிட்டது.

குட்டக் குட்டக் குனிகிறவனும் மடையன், குனியக் குனியக் குட்டுகிறவனும் மடையன் என்பார்கள். திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வேடிக்கை பார்த்தவளுக்கு என்ன பெயர் என்று பழமொழி சொல்லவில்லை. எரித்ததெல்லாம் நான். ஒரு தடவைகூட நான் வெளியே வந்ததில்லை.

அப்பா போன பிறகு கடை நொடித்தது. இரண்டு பேரும் சலவை ஆலையில் சேர்ந்தோம். அங்கே பாய்லர்காரர் ஒரு நாள் நீராவி வால்வைத் திறக்க மறந்துபோய், குழாய் வெடித்து, ஒரு பெண்ணுக்குக் கை வெந்துவிட்டது. மேனேஜர் கேட்டபோது அவர் கூசாமல் என் அண்ணனைக் கை காட்டினார். அண்ணன் பிறந்ததிலிருந்து முதல் தடவையாக "நான் இல்லீங்க" என்றான். மேனேஜர் சிரித்தார். "ஆமாஞ்சாமியே இல்லங்கறான்டா" என்றார் பாய்லர்காரர். ஆலையே சிரித்தது. நான் குனிந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை ஷிஃப்டில்தான் அந்த ஸ்பேனர்.

அந்த வழக்கில் அண்ணன் கடைசி வரைக்கும் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. எது கேட்டாலும் "தெரியாதுங்க". கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நிற்பான். செய்ததைச் சொல்ல அவனுக்கு யாரும் கற்றுத் தரவில்லை. செய்யாததைச் சொல்லத்தான் எங்கள் வீட்டில் பயிற்சி கொடுத்தோம்.

இதையெல்லாம் அன்றைக்குக் கண்டக்டரம்மாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். முடித்த பிறகு அவர், "இத ஜட்ஜ் முன்னாடி சொல்வீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அப்பா பெயர் நாறும். பாதி வாடிக்கையோடு தட்டுத் தடுமாறி ஓடிக்கொண்டிருக்கிற கடைக்கு மிச்சப் பாதியும் வராது. அண்ணனுக்கும் இதில் ஒரு பிரயோஜனமும் இல்லை; ஏழும் பொய் என்றாலும் எட்டாவது நிஜம், அவன் வெளியே வரப் போவதில்லை. ஆனால் அந்தப் பச்சைப் பை என் கவுன்டர் மேலேயே இருந்தது. துவைத்துத் துவைத்து அதன் ஓரமெல்லாம் வெளுத்திருந்தது.

"சொல்றேம்மா" என்றேன்.

அன்றிலிருந்து இரண்டு பேரும் அலைந்த அலைச்சல் கொஞ்ச நஞ்சமில்லை. வக்கீல் ஒருவர் கிடைத்தார். தூசி ஒத்துக்கொள்ளாத மனுஷன். எங்கள் காகிதத்தைப் பிரித்தாலே நாலு தும்மல். ஆனால் பிடித்தால் விடமாட்டார். கொலை நடந்த நாளில் அண்ணன் கடையில்தான் இருந்தான் என்று காட்ட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். பதினான்கு வருடத்துக்கு முந்தைய சலவைச் சீட்டை யார் வைத்திருப்பார்கள்? அப்பா கடையின் பழைய வாடிக்கையாளர் வீடு வீடாக ஏறி இறங்கினோம். சில பேர் கதவைத் திறந்து, என் முகத்தைப் பார்த்ததும் சாத்தினார்கள். கண்டக்டரம்மா சாத்திய கதவையும் தட்டுவார். "பஸ்ஸுல கதவச் சாத்தினா விசில் அடிப்பேன், இங்க கையால தட்டறேன், அவ்ளோதான்" என்பார். ஒன்றும் கிடைக்கவில்லை.

கிடைத்தது வேறு. வக்கீல் மற்ற ஆறு வாக்குமூலங்களின் நகலையும் வாங்கிவிட்டார். ஆறிலும் கடைசியில் அதே மூன்று வரி. கிழவரை அடித்ததற்கும் அவசரத்தில் கவனிக்கவில்லை, லாரி ஓட்டுநரைக் குத்தியதற்கும் அவசரத்தில் கவனிக்கவில்லை. வக்கீல் தும்முவதையே மறந்துவிட்டுப் பார்த்தார். மறுவிசாரணை கேட்டு மனு போட்டார். நீதிபதி எல்லாரையும் நேரில் விசாரிப்பதாக நாள் குறித்தார்.

அதற்கு முன்னால் ஜெயிலுக்குப் போய் அண்ணனைப் பார்த்தேன். ஐந்து வருடம் கழித்து. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றவன் முதலில் கேட்டது, கடையில் புது மேஜை போட்டாயா என்பதுதான். ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அந்தப் பெண்ணை நீ கொல்லவில்லைதானே என்று நேராகவே கேட்டேன். அவன் வார்டரைத் திரும்பிப் பார்த்தான். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அதெல்லாம் ஏன் கெளப்பற? ஆபீசர் நல்ல மனுஷன். எனக்கு நாற்காலி போட்டு உக்கார வெப்பாரு. டீ வாங்கித் தருவாரு. முடிஞ்சதும் முதுகுல தட்டுவாரு."

அப்பா மாதிரியே. ஒன்பது வருடத்தில் அவனுக்கு நாற்காலி போட்டவர் அந்த ஒருத்தர்தான். நான் அதைப் பிடுங்கப் போகிறேன். பிடுங்கித்தான் ஆக வேண்டும்; அவன் டீக்காக ஒரு கொலைகாரனைத் தெருவில் விட முடியாது. இதை அவனிடம் சொன்னேன். கோபத்தோடுதான் சொன்னேன். அவன் தலையை ஆட்டினான். என்ன சொன்னாலும் ஆட்டுகிற அதே ஆட்டல்.

விசாரணை அன்று கோர்ட் அறை நிறைந்திருந்தது. டைரிக்காரர் முன் வரிசையில், மடியில் டைரியோடு. அவருடைய சட்டையில் மடிப்பு எல்லாம் நேர்த்தி. நல்ல கடையில் கொடுக்கிறார் போலிருக்கிறது. கண்டக்டரம்மா பச்சைப் பையை மடியில் வைத்துக்கொண்டு எதிர்ப் பக்கம் உட்கார்ந்திருந்தார். அண்ணனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வாக்குமூலத்தில் இருப்பது உண்மையா என்று நீதிபதி கேட்டார். "ஆமாங்க, நான்தாங்க" என்றான். டைரிக்காரர் டைரியை மூடிவிட்டார். கண்டக்டரம்மா கண்ணை மட்டும் மூடினார்.

அடுத்தது நான். கடையின் வழக்கத்தைச் சொன்னேன். அப்பாவின் அடி, டீ, பன், மூன்று வரி எல்லாம். எரித்தது யார் என்பதையும் சொன்னேன். பின்னால் என் வாடிக்கையாளர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்கள் பக்கம் திரும்பவில்லை. அரசு வக்கீல் எழுந்தார்.

"உங்க அண்ணன் சட்டைய எரிச்சதுக்கு மன்னிப்புக் கேட்டாரு. அதனால கொலை பண்ணியிருக்க மாட்டாருங்கறீங்க. அப்படித்தானே?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது.

"இல்லீங்க. எரிக்காத சட்டைக்கு மன்னிப்புக் கேட்டான்ங்கறேன்."

சிரிப்பு நின்றது. எங்கள் வக்கீல் எழுந்து, சாட்சி தன் அண்ணனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க அனுமதிக்க வேண்டும் என்றார். அரசு வக்கீல் ஆட்சேபித்தார். இது கோர்ட்டா, கூத்து மேடையா என்றார். நீதிபதி வெகுநேரம் அந்த ஏழு வாக்குமூலங்களின் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கேட்கட்டும் என்றார்.

என் பையில் ஒரு வெள்ளைச் சட்டை இருந்தது. முந்தின நாள் கண்டக்டரம்மா ஒரு துணிக்கடையில் வாங்கிய புதுச் சட்டை, ரசீது வக்கீலிடம். அன்று காலையில் அதன் முதுகில் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு, கருகும் வரைக்கும் பக்கத்திலேயே நின்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, தெருவைப் பார்க்காமல், வேண்டுமென்றே எரித்தேன். எல்லார் முன்னாலும் என் அண்ணனைப் பழக்கின பிராணி மாதிரி நாலு காலில் நடக்க வைக்கப் போகிறேன் என்று எனக்குத் தெரியும். கை கூசியது. ஆனாலும் சட்டையை எடுத்து அவன் முன்னால் இருந்த மரத் தடுப்பின் மேல் வீசினேன். கத்திக்கொண்டு வருகிற வாடிக்கையாளரின் குரலை நான் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். அதே குரலில் கேட்டேன்.

"யாருய்யா இத எரிச்சது?"

அண்ணன் சட்டையைப் பார்த்தான். பழுப்பு நிறத்தில் பெட்டியின் அச்சு. கையைக் கட்டினான்.

"தப்பு என்னுதுதாங்க. அவசரத்துல கவனிக்கல. இனிமே இப்படி நடக்காதுங்க."

சொல்லிவிட்டுத் தலையை வலப்பக்கம் சாய்த்தான். கண்ணை மூடிக்கொண்டான். அடி விழவில்லை. விழும் என்று அவன் அப்படியே காத்துக்கொண்டு நின்றான். அந்த அறையில் அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். எனக்கு அந்த இடத்திலேயே ஓவென்று அழ வேண்டும் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

நீதிபதி முன்னால் சாய்ந்தார். "எப்ப எரிச்ச?" என்றார்.

"நேத்துங்க" என்றான்.

எங்கே என்று கேட்டார். கடையில் என்றான். ஒன்பது வருடமாக ஜெயிலில் இருக்கிற நீ நேற்றுக் கடையில் எப்படி எரித்தாய் என்று கேட்டார். அண்ணன் குழம்பிப்போய் டைரிக்காரரைப் பார்த்தான். பள்ளிக்கூடத்தில் விடை தெரியாத பிள்ளை வாத்தியாரைப் பார்க்கிற மாதிரி. டைரிக்காரர் தரையைப் பார்த்தார்.

"சொல்லுங்க, ஒத்துக்கறேங்க" என்றான் அண்ணன்.

வக்கீல் ரசீதைக் கொடுத்தார். நீதிபதி தேதியைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். பிறகு யாரும் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டார். குரலை உயர்த்தாமல்தான் கேட்டார்.

"பாய்லர்காரரக் கொன்னது யாரு?"

அண்ணனின் கட்டிய கை பிரிந்தது. வலது கை மெதுவாக முதுகுக்குப் பின்னால் போனது. சாய்ந்திருந்த தலை நிமிர்ந்தது. உதடு இரண்டு தடவை அசைந்த பிறகுதான் சத்தம் வந்தது.

"தெரியாதுங்க."

நீதிபதி பேனாவை எடுத்தார். வெகுநேரம் எழுதினார். மின்விசிறியும் பேனாவும் தவிர வேறு சத்தம் இல்லை. எங்கள் வக்கீல்கூடத் தும்மவில்லை.

மதியத்துக்குப் பிறகு உத்தரவு வாசித்தார்கள். ஏழு வாக்குமூலங்களையும் ஏற்க முடியாது. ஏழு வழக்குகளையும் வேறு அதிகாரிகள் புதிதாக விசாரிக்க வேண்டும். டைரிக்காரர் தன் டைரியைக் கோர்ட்டில் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். அவர் எழுந்து போகும்போது அண்ணன் வணக்கம் வைத்தான். அவர் பார்க்கவில்லை.

கண்டக்டரம்மா நேராக அண்ணனிடம் போனார். காவலர் தடுக்கப் பார்த்தார். முப்பது வருடம் நெரிசல் பஸ்ஸில் வழி விலக்கின அம்மாவை ஒரு காவலர் தடுத்துவிட முடியுமா? அவன் முன்னால் பையைப் பிடித்தபடி நின்றார்.

"நீ என் பொண்ணப் பாத்ததே இல்லல்ல?"

அண்ணன் சுற்றுமுற்றும் பார்த்தான். அதிகாரி இல்லை. அப்பா இல்லை. என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டவில்லை, கண்ணைக்கூட அசைக்கவில்லை. அவனாகச் சொல்லட்டும் என்று நின்றேன். அவனுக்கு வேர்த்துக் கொட்டியது.

"இல்லீங்கம்மா" என்றான்.

சொல்லிவிட்டுத் தோளைக் குறுக்கிக்கொண்டான். யாராவது சிரிப்பார்கள் என்று பயந்திருப்பான். போன தடவை சிரித்தார்கள்.

"நம்பறேன்ப்பா" என்றார் கண்டக்டரம்மா. பிறகு என் பக்கம் திரும்பி, நாளைக் காலையில் புது அதிகாரியைப் பார்க்கப் போக வேண்டும், பச்சைப் பையை முதலில் காட்ட வேண்டும், பத்து மணிக்கெல்லாம் தயாராக இருங்கள் என்றார். கடை என்று ஒன்று எனக்கு இருப்பதை அவர் மறந்தே விட்டார். நானும் ஞாபகப்படுத்தவில்லை.

ஜெயில் வண்டி வாசலில் நின்றது. ஏற்றுவதற்கு முன்னால் ஒரு நிமிடம் பேசிக்கொள்ளக் காவலர் விட்டார். அண்ணன் என்மேல் கோபமாக இருப்பான் என்று நினைத்தேன். நாற்காலி போயிற்று, டீ போயிற்று, அவனை நல்லவன் என்று தட்டிக் கொடுத்த ஒரே ஆளும் போயாயிற்று. திட்டு, வாங்கிக்கொள்கிறேன் என்று தயாராக நின்றேன். அவன் என் கையிலிருந்த பையை, அதில் துருத்திக்கொண்டிருந்த வெள்ளைச் சட்டையைப் பார்த்தான். காவலருக்குக் கேட்காதபடி என் காதருகே குனிந்தான்.

"நீதான எரிச்ச? சட்டைக்காரரு ரொம்பத் திட்டினாரா?"

இதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். திரைக்குப் பின்னால் போய் நிற்க இனி இடமில்லை.

"திட்டலண்ணா. இந்தத் தடவ நானே சொல்லிட்டேன்."

அவன் கட்டியிருந்த கையைப் பிரித்து, என் இடப்பக்கக் கன்னத்தை ஒரு தடவை தடவிவிட்டு, வண்டியில் ஏறினான்.